செவ்வாய்க்கிழமைப் பேரம்

செவ்வாய்க்கிழமை பதினோரு மணி ஆகப்போகிறது என்றால் பர்ச்சேஸ் அக்கா இரண்டு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையைக் கனைத்து வைத்துக்கொள்வாள். எட்டு மாதமாக அந்த நேரத்துக்கு எந்த ஃபோனும் வருவதில்லை. இருந்தாலும் குடிப்பாள். பத்தொன்பது வருடப் பழக்கம். ஃபோன் வராது என்று தொண்டைக்குத் தெரியுமா என்ன?

மேசை விளக்கு செய்கிற தொழிற்சாலை அது. வாட்ச்மேனிலிருந்து முதலாளி வரை எல்லாருக்கும் அவள் அக்காதான். முதலாளிக்கு அறுபது வயது, அவளுக்கு ஐம்பத்திரண்டு. அதையெல்லாம் அங்கே யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. விளக்குக்கு வேண்டிய வயர், ஸ்க்ரூ, பல்பு, வைத்து அனுப்புகிற அட்டைப்பெட்டி என்று எல்லாவற்றையும் விலை பேசி வாங்குகிற பிரிவு அவளுடையது. கொள்முதல் அறையில் ஒரு காலத்தில் ஆறு மேசை இருந்தன. ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஃபோனில் பேரம் பேசினால் மீன் மார்க்கெட் தோற்றுப்போகும். இப்போது இருப்பது ஒரு மேசை. மற்ற ஐந்தும் நின்ற இடத்தில் தரையில் இன்னும் கால் தடம் இருக்கிறது. எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை என்கிறாள் துப்புரவுக்காரி.

காரணம் மாப்பிள்ளை. அது அக்கா வைத்த பெயர். உண்மையில் அது பேரம் பேசுகிற ஒரு மென்பொருள், தனிக் கம்ப்யூட்டரோடு வந்தது. வந்து இறங்கிய நாளில் முதலாளி வாசலுக்கே ஓடியதையும், அதற்கென்று தனி ஏசி போட்டதையும், அது ஒரு நாள் மக்கர் செய்தபோது ஆபீசே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் பார்த்துவிட்டு, "இதென்ன, வீட்டுக்கு மாப்பிள்ளை வந்த மாதிரி தாங்கறாங்க" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

விற்கிறவர்கள் பக்கமும் இப்போது ஆள் கிடையாது. அவரவருக்கு ஒரு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். இதுவும் அதுவும் பேசி முடிப்பதற்குள் நாம் ஒரு தும்மலைக்கூட ஒழுங்காகத் தும்மி முடிக்க முடியாது. ஆனால் மாப்பிள்ளையின் கெட்டிக்காரத்தனம் பேரத்தில் இல்லை, யாரோடு பேரம் பேசுவது என்று முடிவு செய்வதில்தான் இருக்கிறது. பட்டியலில் இருநூற்று நாற்பது பேர். காலையில் அதில் ஐந்து பேரை மட்டும் பொறுக்கியெடுத்துப் பேசும். பேசிப் பலனிருக்காது என்று தோன்றுகிறவர்களைத் திரும்பியும் பார்க்காது. பன்னிரண்டு மணிக்கு முடிவு திரையில் வரும். அக்கா ஒரு பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் அவள் வேலை. அதற்குச் சம்பளமும் குறையவில்லை. குறைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் வசிப்பது மூன்றாவது மாடியில், தனியாக. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் ஓய்ந்துவிட்டார்கள். தங்கை வேறு ஊரில் இருக்கிறாள். மாதம் ஒரு முறை கூப்பிட்டு, பிள்ளைகளை அதட்டுவதற்கு நடுவே அக்காவை நலம் விசாரிப்பாள். வெள்ளிக்கிழமை மாலை வாட்ச்மேனிடம் "வரேன்" என்று சொன்னால், அதற்கடுத்து அக்கா வாயிலிருந்து வருகிற வார்த்தை திங்கட்கிழமை காலை அதே வாட்ச்மேனிடம் சொல்கிற "என்னப்பா" தான். அந்த "என்னப்பா" கரகரவென்று யாருடைய குரலோ போல வரும். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் ஃபோன் அதைச் சரிசெய்துவிடும். இப்போது புதன்கிழமை வரைக்கும் அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் பெட்டிக்காரர். ஊருக்கு வெளியே எங்கேயோ ஒரு கொட்டகையில் அட்டைப்பெட்டி செய்கிறவர். எங்கே என்று அக்கா பார்த்ததில்லை. அவரையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவர் கையெழுத்தைத்தான். மாதிரிக்கு அனுப்புகிற ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் பென்சிலால் ஒரு வரி எழுதியிருப்பார். "இருபது கிலோ தாங்கும். நானே ஏறி நின்று பார்த்தேன்." ஒரு முறை, "நாற்பது கிலோ தாங்கும். நான் ஏறினேன், தாங்கவில்லை. ஆகவே நாற்பதுதான்."

அட்டைக்கான காகிதத்தின் விலை வாரத்துக்கு வாரம் ஆடும். ஆகவே வாரத்துக்கு ஒரு பேரம். அவர் ஒரு விலை சொல்வார். "அநியாயமா இருக்கே" என்பாள் அக்கா. "கட்டுப்படியாகாதுங்க" என்பார் அவர். "போன வாரம் கட்டுப்படியாச்சே?" என்பாள். "போன வாரம் நான் இளிச்சவாயனா இருந்தேன்" என்பார். அங்கிருந்து பேச்சு மழைக்குப் போகும், அவருடைய முழங்கால் வலிக்குப் போகும், எதிர் மாடி வீட்டுக்காரன் துணி காயப்போடுகிற லட்சணத்துக்குப் போகும். நடுநடுவே யாராவது ஒருவர் கடமைக்கு "சரி, விலை?" என்பார்கள். மற்றவர் "கட்டுப்படியாகாது" என்பார். கடைசியில் அவர் முதலில் சொன்ன விலைக்கே ஆர்டர் போகும். பெட்டி ஒன்றுகூடக் கிழிந்து வந்ததில்லை என்பதால் முதலாளியும் வாய் திறக்கமாட்டார்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை, பதினோரு மணிக்கு மணியடித்தது. காகித விலையைச் சொன்னார். அப்புறம், "வீட்டுல தவறிட்டாங்க, போன வாரம்" என்றார். அக்காவுக்கு வாய் குழறி, மூளை கெட்டுப்போய், "கொஞ்சம் கொறைக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவர், "கட்டுப்படியாகாதுங்க" என்றார், சொல்லிவிட்டு அழுதார். அக்கா ஃபோனை வைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பாதி நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை.

மாப்பிள்ளை வந்தபோது, விற்கிறவர்கள் எல்லாருக்கும் ஒரு கடிதம் போயிற்று. இனி தொலைபேசியில் அழைக்க வேண்டாம், எல்லாப் பேச்சும் மென்பொருள் வழியாகத்தான் என்று. அடியில் கையெழுத்து அக்காவுடையது. முதலாளி நீட்டினார், அவள் போட்டாள். பெட்டிக்காரர் அந்தக் கடிதத்தை மதிக்கமாட்டார், எப்படியும் கூப்பிடுவார் என்று நினைத்திருந்தாள். அவர் மதித்துவிட்டார். அது அவளுக்குப் பெரிய வருத்தம். மாப்பிள்ளையும் அவரை ஒரு நாள்கூடக் கூப்பிடவில்லை. பெட்டிகள் இப்போது ஏதோ பெரிய ஆலையிலிருந்து வருகின்றன. அடியில் எதுவும் எழுதியிருக்காது. அவளே ஃபோன் போடலாம்தான், நம்பர் மனப்பாடம். ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? பெட்டி வாங்க அவளுக்கு அதிகாரம் இல்லை. பெட்டி வாங்காமல் பெட்டிக்காரரோடு பேச ஒரு பொம்பளைக்கு என்ன முகாந்திரம்?

இந்தச் செவ்வாய்க்கிழமை சிஸ்டம்காரர் வந்தார். மாதத்துக்கு ஒரு முறை வந்து மாப்பிள்ளைக்கு நாடி பார்க்கிறவர். வழுக்கைத் தலை, தீராத ஜலதோஷம், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டைப் பற்றிய கவலை, மூன்றும் அவரோடு கூடவே வரும்.

"பழைய லிஸ்ட்டை இன்னிக்குக் கழிச்சுக் கட்டணும்க்கா" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டே. "எட்டு மாசமா ஒரு தடவைகூடத் தேர்வு ஆகாதவங்க. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்காங்க. நீங்க ஒரு பார்வை பார்த்துட்டு ஓகே சொல்லிடுங்க."

திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணத்தோடு. சரக்கு தாமதம். தரம் குறைவு. கடையை மூடிவிட்டார். மேலிருந்து ஏழாவது வரியில் பெட்டிக்காரர் இருந்தார். காரணம்: பேசிப் பயனில்லை.

"இது யாரு எழுதினது?" என்றாள். குரல் திங்கட்கிழமைக் குரலாக இருந்தது.

"யாரும் எழுதலை. அதுவே கத்துக்கிட்டதுதான். உங்க ரெஜிஸ்டரைத்தானே அதுக்குக் குடுத்தோம்."

பதிவேடு. பழைய மேனேஜர் காலத்தில் வந்த ஏற்பாடு அது. யாரோடு பேசினாலும் எழுதிவைக்க வேண்டும்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முதல் விலை, கடைசி விலை. மற்ற ஐந்து பேரும் மாதக் கடைசியில் உட்கார்ந்து கண்டபடி நிரப்புவார்கள். அக்கா மட்டும் பேச்சு முடிந்த கையோடு, நிமிடம் பிசகாமல் எழுதுவாள். பத்தொன்பது வருடம். அந்த நேர்மையைப் பார்த்துத்தான் அவள் பதிவேட்டை மட்டும் மாப்பிள்ளைக்குப் பாடப்புத்தகமாகக் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது.

சிஸ்டம்காரர் பெட்டிக்காரரின் வரியைத் தட்டினார். விவரம் விரிந்தது. "பாருங்க, சராசரி நாப்பத்தியோரு நிமிஷம் பேசியிருக்கீங்க. முதல் விலையும் கடைசி விலையும் எல்லா வாரமும் ஒண்ணுதான். ஒரு நாள் அறுபத்துமூணு நிமிஷம். அன்னிக்கும் நயாபைசா இறங்கலை." தும்மினார். "பத்தொன்பது வருஷம் பேசி ஒண்ணுமே கிடைக்கலை. அப்புறம் அது எப்படிக்கா இவரைத் தேர்ந்தெடுக்கும்?"

ஒன்றுமே கிடைக்கவில்லையா என்று கத்த வேண்டும் போலிருந்தது அக்காவுக்கு. யாரிடம் கத்துவது? சிஸ்டம்காரர் நல்ல மனிதர், மாப்பிள்ளை காது இல்லாதது. எழுதினது இவள். அந்த அறுபத்துமூன்றையும் அன்றைக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே இவள்தான் எழுதினாள். ஒரு மனிதரின் பிழைப்பில் தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டுவிட்டு, அவர் கூப்பிடவில்லை என்று எட்டு மாதமாக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இவரை எடுக்க வேண்டாம்" என்றாள் கடைசியில்.

"எடுக்காம விடணும்னா ஒரு வழிதான் இருக்கு. நீங்க கைகாட்டுற ஆளோட ஒரே ஒரு தடவை பேசச் சொல்லலாம். பேரம் நல்லா முடிஞ்சா லிஸ்ட்ல நிக்கும். இல்லைன்னா போயிடும். பேசச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

சிஸ்டம்காரர் ஏதோ தட்டினார். அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை இதுவரை எந்தப் பேச்சுக்கும் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை. நாலு வினாடி இருக்கும். திரையில் ஒரு வரி வந்தது. எதிர்த்தரப்பு பேச மறுத்துவிட்டது.

"அட" என்றார் சிஸ்டம்காரர். "கோவமா இருக்கார் போல. சரி விடுங்க, நம்ம கடமைக்குக் கேட்டாச்சு." பையை மூடிக்கொண்டு, டைல்ஸ்காரன் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏழாவது வரி திரையிலிருந்து காணாமல்போனது. எட்டாவது வரி ஏழாவதாக ஏறி நின்றது.

கோபமாக இருக்கிறார். இருக்கத்தானே செய்வார் என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்தாள், மூடினாள். அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து பின்பக்கம் ஸ்டோர் அறைக்குப் போனாள். பழைய பதிவேடுகளை அங்கே பெட்டிகளில் போட்டு வைத்திருந்தார்கள். எல்லாம் அவர் செய்த பெட்டிகள்தான். கடைசியாக அவர் மாதிரிக்கு அனுப்பிய பெட்டியை இழுத்து, உள்ளே இருந்தவற்றை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அடியைப் பார்த்தாள். "முப்பது கிலோ தாங்கும். முழங்கால் சரியில்லாததால் ஏறவில்லை. நம்பி வாங்கலாம்."

அங்கேயே, அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்தாள். அது தாங்கியது. மடியில் அவள் எழுதிய கடைசிப் பதிவேடு. மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு நம்பரை அழுத்தினாள். கை பழக்க தோஷத்தில் பதிவேட்டைத் திறந்து, தொடங்கிய நேரம் என்ற இடத்தில் ஒன்று பத்து என்று பென்சிலால் எழுதிவிட்டது.

"சொல்லுங்க பர்ச்சேஸ்" என்றார் அவர். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டார்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் அக்காவுக்கு மறந்துபோயிற்று. "கோவமா இருக்கீங்களா?" என்றாள்.

"நானா? நீங்கதான் கோவமா இருக்கீங்கன்னு நினைச்சேன். ஃபோன் பண்ணாதேன்னு லெட்டர் வந்துச்சு, உங்க கையெழுத்தோட."

"அது எல்லாருக்கும் போனது."

"எனக்கும்தானே வந்துச்சு?"

"இன்னிக்கு எங்க மிஷின் உங்களோட பேச வந்துச்சு. நீங்க மறுத்துட்டீங்க" என்றாள்.

"ஐயோ, நான் எதுக்குங்க மறுக்கறேன்? எனக்குத் தெரியவே தெரியாதே! இருங்க." அவர் யாரையோ கூப்பிட்டு ஏதோ கேட்பது தூரத்தில் கேட்டது. மெஷின் ஓடுகிற சத்தம், பிறகு சத்தம் நின்றது. திரும்பி வந்தபோது குரலில் அசடு வழிந்தது. "எங்க மருமகன் இங்கேயும் ஒண்ணு மாட்டி வெச்சிருக்கார். யார்கிட்ட விக்கலாம்னு அதுவே பார்த்துக்கும். அதுக்கு என் டைரியைக் குடுத்திருக்கார். நான்தான் தினமும் எழுதி வெப்பேனே, யார்கிட்ட எவ்வளவு நேரம் பேசினேன், ரேட்டு ஏத்த முடிஞ்சுதான்னு."

"நீங்களுமா?" என்றாள் அக்கா.

"உங்க பேருக்கு நேரா என்ன போட்டிருக்கு தெரியுமா? கோவிச்சுக்கக் கூடாது. நேர விரயம். அணுக வேண்டாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு மாதமாக வராத சிரிப்பு, ஸ்டோர் அறைக்குள் முட்டி மோதிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு இங்க பேசிப் பயனில்லைன்னு போட்டிருக்கு" என்றாள். அவரும் சிரித்தார். சிரித்து இருமினார். இருமி முடித்து, "சரியாத்தானே சொல்லியிருக்கு ரெண்டும்" என்றார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கு."

"மூணாவது நிமிஷமே நீங்க சரின்னு சொல்லியிருக்கலாம். கடைசியில அந்த விலைக்குத்தானே வாங்குவீங்க."

"தெரியும்" என்றாள். "உங்களுக்கும் அது தெரியும்தானே?"

"தெரியும்" என்றார்.

அக்காவின் காது சுட்டது. பத்தொன்பது வருடமாக ஒரு விலையை நடுவில் வைத்துக்கொண்டு, அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசியாயிற்று. இப்போது அந்த விலையை எடுத்துவிட்டார்கள். முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அதற்கு அவர் பரவாயில்லை என்பார். அதற்கப்புறம்? ஒன்றும் வாங்காமல், ஒன்றும் விற்காமல் எப்படிப் பேசுவதென்று இரண்டு பேருக்கும் பழக்கமில்லை. அந்தப் பக்கம் அவர் செருமினார். ஃபோனை வைக்கப்போகிறவர்கள் செருமுகிற செருமல் அது என்று அவளுக்குத் தெரியும். வைத்துவிட்டால் இனி ஒருபோதும் மணி அடிக்காது என்பதும் தெரியும்.

"ஆயிரம் பெட்டி" என்றாள் அவசரமாக. "அஞ்சு அடுக்கு அட்டையில. என்ன விலை போடுவீங்க?"

"எல்லாம் மிஷின்தான்னு லெட்டர்ல இருந்துச்சே. உங்களுக்கு வாங்க அதிகாரம் இருக்கா?"

"விலை கேக்கக்கூட அதிகாரம் வேணுமா? சொல்லுங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இருபத்திரண்டே கால்."

"அநியாயமா இருக்கே" என்றாள். சொன்னதும் தொண்டை தெளிந்துபோயிற்று. "இருபதுக்குப் போடுங்க."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "பத்தொன்பது வருஷமா கேட்டுட்டு இருக்கீங்க" என்றார். "ஒரு தடவைகூட நான் இறங்கலை. மனசு கேக்கலைங்க. இன்னிக்கு நீங்க கேட்ட விலைக்கே எடுத்துக்குங்க. இருபது. சந்தோஷமா?"

அக்காவுக்குப் பகீரென்றது. இருபது என்று முடிந்துவிட்டால், எல்லாமே முடிந்துவிடும்.

"அதெப்படி?" என்று கத்தியேவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அதெப்படி நீங்க ஒரே பேச்சுல இறங்கலாம்? வேணாம். இறங்காதீங்க. கட்டுப்படியாகாதுன்னு சொல்லுங்க."

ஒன்றும் கேட்கவில்லை. நின்றிருந்த மெஷினைக்கூட யாரும் மறுபடி போடவில்லை. பிறகு அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முழங்காலைப் பார்த்து மெதுவாக உட்காருகிற சத்தம் கேட்டது.

"கட்டுப்படியாகாதுங்க" என்றார்.